பாரசீக விரிப்பின் வண்ணங்களும் வடிவங்களும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

நம் பள்ளிவாசலின் தொழுகை விரிப்புகள் பழையனவாகிவிட்டன. அவற்றை மாற்ற வேண்டும் என்னும் கருத்து இவ்வாண்டு பலராலும் முன்வைக்கப்பட்டது. பூவேலைப்பாடு நிறைந்த, தடித்த, வெளிநாட்டு விரிப்பே வேண்டும் என்பார் ஒரு சாரார். அவ்வளவு செலவு எதற்கு என்பார் மறு சாரார். முடிவெடுக்கும் பொறுப்பு பொதுக்குழுவுக்கு உரியது. முடிவெடுக்கும் முன், விரிப்பு என்பது என்ன, அதன் நிறங்கள் எங்கிருந்து வந்தன, அதில் காணும் வடிவங்கள் என்ன சொல்கின்றன என்பதை நாம் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி நிர்வாகத்தினர் இத்தலைப்பை எனக்கு அளித்துள்ளனர். அவர்களுக்கு என் நன்றி.

நாள்தோறும் ஐந்து வேளை நெற்றியை வைக்கும் ஒரு பொருளைப் பற்றி நாம் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. நம் முஸல்லாக்களில் காணும் மிஹ்ராப் வளைவு, தொங்கும் விளக்கு, கொடிப்பூ, ஓரக்கரை ஆகிய அனைத்தும் பல நூற்றாண்டுகளாகப் பாரசீகம், துருக்கி முதலிய நாடுகளின் தறிகளில் வளர்ந்த வடிவங்களே. ஆகவே பாரசீகத்திலிருந்து தொடங்குவோம்.

முடிச்சில் பிறக்கும் விரிப்பு

தமிழில் ரத்தினக் கம்பளம் என்று நாம் அழைப்பதற்கும், பவானி ஜமக்காளத்திற்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. ஜமக்காளத்தில் பாவு நூலும் ஊடை நூலும் மட்டுமே. இரண்டும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னித் தட்டையான விரிப்பாகின்றன. பாரசீக விரிப்பிலோ மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பாவு நூல்களின் மேல், ஒவ்வொரு இணையிலும், சிறு துண்டுக் கம்பளி நூலைக் கையால் முடிந்து வெட்டி விடுகின்றனர். ஒரு வரிசை முடிச்சுகள் முடிந்ததும் ஊடை நூலைச் செலுத்தி, கனத்த சீப்பு போன்ற கருவியால் அடித்து இறுக்குகின்றனர். பிறகு அடுத்த வரிசை. வெட்டப்பட்ட அந்த நூல் நுனிகளே நம் காலுக்கு மெத்தென்று படும் மயிர்ப்பரப்பு.

முடிச்சிலும் இரு வகை உண்டு. இரு பாவு நூல்களையும் முழுதாகச் சுற்றிவரும் சமச்சீர் முடிச்சைத் துருக்கி முடிச்சு என்பர். ஒரு நூலை முழுதாகச் சுற்றி, மற்றொன்றின் அடியில் நுழைந்து வெளிவரும் முடிச்சைப் பாரசீக முடிச்சு என்பர். வளைந்து செல்லும் கொடிகளையும் மலரிதழ்களையும் நுட்பமாகக் காட்டப் பின்னது ஏற்றது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 120 சென்டிமீட்டர் நீளமும் 75 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு முஸல்லாவில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 36 முடிச்சுகள் என்று கொண்டால், மொத்தம் 3,24,000 முடிச்சுகள் வரும். ஒருவர் நாளொன்றுக்கு 6,000 முடிச்சுகள் இடுவதாக வைத்துக்கொண்டாலும், அந்த ஒரே முஸல்லாவுக்கு 54 நாள் உழைப்பு தேவை. அதற்கு முன்னர் ஆட்டு மயிரைக் கத்தரித்து, கழுவி, நூற்று, சாயமேற்றிய நாள்கள் இக்கணக்கில் சேரவில்லை.

36 என்னும் எண்ணை நான் காரணத்தோடுதான் சொன்னேன். சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில், பாசிரிக் என்னுமிடத்தில், பனி உறைந்த ஒரு புதைகுழியிலிருந்து 1949ஆம் ஆண்டு ருடென்கோ என்னும் ரஷ்ய அகழ்வாய்வாளர் ஒரு விரிப்பைக் கண்டெடுத்தார். ஏறத்தாழ இரண்டு மீட்டர் சதுரமுள்ள அவ்விரிப்பில் குதிரை வீரர்களும் மான்களும் வரிசையாக அமைந்துள்ளன. கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் முடிச்சடர்த்தி, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 36. அது எங்கே நெய்யப்பட்டது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே இக்கலை முதிர்ச்சியடைந்திருந்தது என்பதும், அதன் சிவப்பு இத்தனை காலம் கடந்தும் கண்ணுக்குத் தெரிகிறது என்பதும் ஐயமற்றவை.

வண்ணங்களின் வரலாறு

பாரசீக விரிப்பின் உயிர் அதன் சிவப்பு. அச்சிவப்பைத் தருவது மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேர். செடி சில ஆண்டுகள் மண்ணில் நின்று முதிர்ந்த பின்பே வேரில் நிறம் ஏறும். அவ்வேரை உலர்த்தி, இடித்து, படிகாரம் ஊறிய கம்பளி நூலோடு காய்ச்சினால், செங்கல் நிறம் முதல் ஆழ்ந்த இரத்தச் சிவப்பு வரை பல சாயல்கள் கிடைக்கும். நீரின் தன்மை, வெப்பத்தின் அளவு, வேரின் வயது ஆகியவற்றுக்கு ஏற்பச் சாயல் மாறும். இதனின் வேறான கருஞ்சிவப்பை அரக்குப் பூச்சியிலிருந்து எடுத்தனர். அந்த அரக்கு, இந்தியாவிலிருந்து பாரசீகத்திற்குச் சென்ற சரக்கு என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

நீலத்தைத் தருவது அவுரி. இதன் வேலைமுறை வியப்புக்குரியது. அவுரிச் சாயம் நீரில் கரையாது. அதைப் புளிக்க வைத்துக் கரைநிலைக்குக் கொண்டுவந்து, அதில் நூலைத் தோய்க்க வேண்டும். தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூல் பச்சை கலந்த மஞ்சளாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். ஒருமுறை தோய்த்தால் வெளிர்நீலம், பலமுறை தோய்த்தால் நள்ளிரவு வானத்தின் நீலம்.

மஞ்சளுக்குச் சில காட்டுப் பூக்களும் மாதுளைத் தோலும் பயன்பட்டன. பச்சைக்கெனத் தனிச் சாயம் இல்லை. நீலமும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால்தான் பச்சை. இரட்டை வேலையாதலின் பச்சை அரிது. பழுப்புக்கு அக்ரோட்டுக் காயின் மேல்தோல். கறுப்புக்குத் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்த சாயம். இரும்பு நாளடைவில் கம்பளியை அரிக்கும். அதனால்தான் பழைய விரிப்புகளில் கறுப்பு நிறப் பகுதி மட்டும் தேய்ந்து பள்ளமாகியிருப்பதைக் காணலாம்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். ஈரானின் மலையடிவாரங்களில் நிகழ்ந்தவற்றுக்கும் கல்வராயன் மலை அடிவாரத்தில் வாழும் நமக்கும் என்ன தொடர்பு என்று எவரும் எண்ண வேண்டா. 1993ஆம் ஆண்டு பிரிக்கப்படும் வரை நம் கள்ளக்குறிச்சி அடங்கியிருந்த தென்னாற்காடு மாவட்டம், சென்னை மாகாணத்தில் அவுரிச் சாயத்திற்குப் பெயர்பெற்ற மாவட்டங்களுள் ஒன்றாக விளங்கியது. திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி பயிரிடுவோர் இன்றும் உள்ளனர். மஞ்சிட்டிக்கு ஒப்பாகச் சோழமண்டலக் கடற்கரையில் நம் முன்னோர் பயன்படுத்தியது இம்பூரல் எனப்படும் சாயவேர். அலிசரின் என்னும் ஒரே நிறப்பொருளே இரு வேர்களிலும் உள்ளது.

நம் மேற்கே நிற்கும் கல்வராயன் மலையின் பங்கு கடுக்காய். கம்பளி விலங்கு மயிராதலால் படிகாரத்தைத் தானே பற்றிக்கொள்ளும். பருத்தி அவ்வாறு பற்றாது. பருத்தி நூலையோ துணியையோ முதலில் கடுக்காயின் துவர்ப்பு நீரில் ஊறவைத்தால்தான், படிகாரமும் அதன்பின் வேர்ச்சிவப்பும் நிலைக்கும். அதே கடுக்காய் நீரில் இரும்பு சேர்ந்தால் கறுப்பு. உலகெங்கும் கப்பலேறிய நம் சாயத்துணிகளின் நிறம் கழுவக் கழுவ மங்காதிருந்ததற்குக் கடுக்காயும் ஒரு காரணம். மலையில் அதைப் பொறுக்கி, உலர்த்தி, தலைச்சுமையாக இறக்கிய மலையாளிப் பழங்குடி மக்களின் பெயர் எந்த வணிகக் கணக்கிலும் ஏறியதில்லை. சாயக்காரர் புகழ்பெற்றார், வணிகர் பொருள் பெற்றார், கடுக்காய் பொறுக்கியவருக்குக் கிடைத்தது எடைக்கூலி. பாரசீக விரிப்பைப் பற்றிப் பேசும்போதும் இதே உண்மையை நாம் மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

இயற்கைச் சாயங்களின் ஆட்சி 19ஆம் நூற்றாண்டில் ஆட்டம் கண்டது. 1856ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பெர்கின் என்னும் இளைஞர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டார். 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்களான கிரேபும் லீபர்மானும் அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாயவேர் தோண்டியவரும் அவுரித் தொட்டி வைத்திருந்தவரும் சில பத்தாண்டுகளில் தொழிலிழந்தனர். ஈரானில் நுழைந்த தொடக்ககால அனிலின் சாயங்களோ வெயிலில் வெளுத்தன, நீரில் கசிந்தன. தம் நாட்டு விரிப்பின் நற்பெயர் கெடுவதைக் கண்ட ஈரானிய அரசு, அவற்றின் இறக்குமதியைத் தடை செய்யவும் முனைந்தது. பின்னர் வந்த குரோம் சாயங்கள் நிலைத்து நிற்பவை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். செயற்கை என்பதால் மட்டும் ஒன்று கெட்டதாகிவிடாது.

கையால் சாயமேற்றிய விரிப்பை உற்று நோக்கினால், ஒரே நீலப்பரப்பில் ஓரிடம் சற்று ஆழ்ந்தும் ஓரிடம் சற்று வெளிறியும் பட்டை பட்டையாகத் தெரியும். இதனை அப்ரஷ் என்பர். ஒரு தொட்டியில் சாயமேற்றிய நூல் தீர்ந்து, அடுத்த தொட்டியின் நூல் தொடங்கிய இடம் அது. அறிந்தவர் அதைக் குறையாகக் கருதுவதில்லை. மனிதக் கையின் அடையாளமாகவே கொள்வர்.

வடிவங்கள் பேசும் மொழி

பாரசீக விரிப்பின் அமைப்பைப் புரிந்துகொள்ள எளிய வழி, அதை ஒரு தோட்டமாகக் காண்பது. சுற்றிலும் மதில், அதுவே ஓரக்கரை. உள்ளே பூம்பரப்பு, நடுவே குளம். இது வெறும் உவமை அன்று. சஹார் பாக் எனப்படும் நால்வகுப்புத் தோட்டத்தை அப்படியே விரிப்பில் நெய்துள்ளனர். நான்கு வாய்க்கால்கள் நடுவில் கூடும். அவற்றின் கரைகளில் மரங்களும் மலர்களும் நிற்கும். மதில் சூழ்ந்த தோட்டத்தைக் குறித்த பழம்பாரசீகச் சொல்லிலிருந்தே ஃபிர்தௌஸ் என்னும் சொல் அரபு மொழிக்கு வந்தது என்பர் மொழியறிஞர். வறண்ட நிலத்தில் வாழ்ந்த மக்கள், நீரும் நிழலும் நிறைந்த ஓரிடத்தை வீட்டுத் தரையில் விரித்து, குளிர்காலத்திலும் வாடாத தோட்டமாகக் கண்டனர்.

பரவலாகக் காணப்படும் அமைப்பு, நடுப்பதக்கமும் நான்கு மூலைகளும். நடுவில் பெரிய பதக்கம். மூலைகளில் அதன் காற்பகுதி. குர்ஆன் பிரதிகள் முதலான நூல்களின் தோலட்டைகளில் இதே அமைப்பைக் காணலாம். நூலட்டை செய்த ஓவியர்களும் விரிப்புக்கு வரைந்து கொடுத்த ஓவியர்களும் அரசவைகளில் ஒரே மரபில் பணியாற்றியவர்கள்.

ஷா அப்பாஸி என்பது தாமரையை ஒத்த பெருமலர் வடிவம். ஹெராத்தி என்பது ஒரு சாய்சதுரமும் அதனைச் சூழ்ந்த வளைந்த இலைகளும். அவ்விலைகள் மீன்போல் தோன்றுவதால் பாரசீகத்தில் அதனை மாஹி, அதாவது மீன், என்றே அழைப்பர். போத்தே என்னும் வடிவத்தை நான் விளக்கத் தேவையில்லை. காஞ்சிபுரச் சேலையில் நம் இல்லத்துப் பெண்கள் மாங்காய் என்று சொல்வதே அது. காஷ்மீரச் சால்வை வழியே ஐரோப்பா சென்று, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத் தறிகளில் நெய்யப்பட்டு, அவ்வூரின் பெயரையே பெற்றுவிட்டது. ஈரானியர் அதில் வளைந்த சைப்ரஸ் மரத்தைக் காண்கின்றனர். நாம் மாங்காயைக் காண்கிறோம். வடிவம் ஒன்றே, காணும் கண் மண்ணுக்கேற்ப வேறு.

தொழுகை விரிப்பின் தனிச்சிறப்பு அதற்குத் திசை உண்டு என்பது. மற்ற விரிப்புகளை எப்பக்கமும் போடலாம். மிஹ்ராப் வளைவு கொண்ட விரிப்புக்குத் தலையும் காலும் உண்டு. வளைவின் உச்சியில் தொங்கும் விளக்கு, இருபுறத் தூண்கள் ஆகியவை பள்ளிவாசலின் கிப்லாச் சுவரை நினைவூட்டுபவை. ஒரே விரிப்பில் பல மிஹ்ராப்கள் வரிசையாக அமைந்ததை ஸஃப் விரிப்பு என்று அழைத்தனர். நம் பள்ளிவாசல்களில் இன்று சுருள் சுருளாக வந்திறங்கும் வரிசை விரிப்பு, அந்தப் பழைய ஸஃப் விரிப்பின் எந்திர வாரிசு.

இவ்வடிவங்கள் யாவும் உச்சம் தொட்ட ஒன்றைக் குறிப்பிட வேண்டுமானால், அர்தபீல் விரிப்பைச் சொல்லலாம். ஹிஜ்ரி 946, அதாவது கி.பி. 1539–40 என்னும் ஆண்டும், காஷான் நகரத்து மக்ஸூத் என்னும் பெயரும் அதிலேயே நெய்யப்பட்டுள்ளன. நீளம் ஏறத்தாழ பத்தரை மீட்டர், அகலம் ஐந்து மீட்டருக்கு மேல். சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 340 முடிச்சுகள். மொத்தத்தில் இரண்டரைக் கோடிக்கும் மேல். இவ்வளவுக்கும் பயன்படுத்திய நிறங்கள் பத்தே. மனிதர், விலங்கு உருவம் எதுவும் அதில் இல்லை. இணையாக நெய்த இரு விரிப்புகளில் ஒன்றை வெட்டி, மற்றொன்றைச் செப்பனிட்டனர். அவ்வாறு முழுமையாக்கப்பட்டதை 1893ஆம் ஆண்டு, வில்லியம் மோரிஸின் பரிந்துரையின் பேரில், லண்டன் அருங்காட்சியகம் 2,000 பவுனுக்கு வாங்கியது. இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், நிறம் மங்காதிருக்க ஒவ்வொரு அரைமணிக்கும் 10 நிமிடம் மட்டுமே அதன்மேல் விளக்கேற்றுகின்றனர்.

அவ்விரிப்பின் நடுப்பதக்கத்தின் இருபுறமும் தொங்கும் விளக்குகள் இரண்டும் ஒரே அளவில் இல்லை. ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. முழுமை அல்லாஹ்வுக்கே உரியது என்பதால் நெசவாளர் வேண்டுமென்றே ஒரு பிழையை விடுவர் என்று விரிப்பு வணிகர்கள் சொல்லும் கதையும் அவற்றுள் ஒன்று. கேட்க இனிமையானதே. ஆயினும் சிந்தித்துப் பாருங்கள். வேண்டுமென்று விட்டால்தான் பிழை வரும் என்று நினைப்பவர், தம் வேலை பிழையற்றது என்றல்லவா கருதுகிறார்? லட்சக்கணக்கான முடிச்சுகளைக் கையால் இடும் மனிதருக்குப் பிழை தானாகவே வரும். அதைத் தேடி வைக்கத் தேவையில்லை.

நம் நாட்டுத் தறிகள்

இக்கலை முகலாயர் காலத்தில் நம் நாட்டில் வேரூன்றியது. ஆக்ரா, ஃபதேபூர், லாகூர் ஆகிய இடங்களில் விரிப்பு நெசவு நடந்ததை அக்பரின் அவையைச் சேர்ந்த அபுல் ஃபஸல் ஆயினெ அக்பரியில் குறித்துள்ளார். காஷ்மீரும், உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்ஸாபூர் வட்டாரமும் இன்றும் முடிச்சு விரிப்புக்குப் பெயர்பெற்றவை. 2010ஆம் ஆண்டு, ஈரானின் காஷான், ஃபார்ஸ் பகுதிகளின் விரிப்பு நெசவுக் கலையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

தமிழகத்தின் தட்பவெப்பத்திற்குக் கம்பளி பொருந்தாது. நம் மண் தந்த விடை கோரைப் பாய். திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் நெய்யும் பாய், பட்டுத்துணிபோல் மடிக்கக் கூடியது. தாமிரபரணிக் கரைக் கோரையை வெட்டி, நீரில் ஊறவைத்து, இழையிழையாகக் கிழித்து, பருத்தி அல்லது பட்டுப் பாவில் நெய்கின்றனர். திருமணப் பாயில் மணமக்களின் பெயரை எழுத்து எழுத்தாக நெய்து தருவதும் வழக்கம். இப்பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. தறியில் அமர்பவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் நம் சமுதாயத்தினர். அவர்களுடைய பிள்ளைகளுள் எத்தனை பேர் இனியும் தறியில் அமர்வார்கள் என்பது, அப்பாயை வாங்குவோர் கையில் இருக்கிறது.

நெற்றி வைக்குமிடம்

சகோதரர்களே, இதுவரை சொன்னவை அறிவுக்கு விருந்து. இனிச் சொல்லப்போவது நம் முடிவுக்கு வேண்டியது.

நபி (ஸல்) அவர்கள் வேலைப்பாடு அமைந்த ஒரு கம்பளி ஆடையில் தொழுதார்கள். தொழுகையினூடே அவர்களுடைய பார்வை அவ்வேலைப்பாட்டின் மீது சென்றது. தொழுது முடித்ததும், அதை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்துவிட்டு, அவரிடமுள்ள எளிய கம்பளியைக் கொண்டு வருமாறு பணித்தார்கள். இதனை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். பேரீச்ச ஓலையில் முடைந்த சிறு விரிப்பின் மீது அவர்கள் தொழுததும், அனஸ் (ரலி) அவர்களின் வீட்டில், நீண்ட காலப் புழக்கத்தால் கறுத்துப்போன ஒரு பாயின் மீது தண்ணீர் தெளிக்கப்பட்டு, அதன்மேல் நின்று தொழுவித்ததும் நாம் அறிந்தவையே. அழகை அவர்கள் வெறுக்கவில்லை. தொழுகையில் உள்ளத்தை இழுக்கும் அழகை அகற்றினார்கள். பூவேலைப்பாடு மிக்க விரிப்பே வேண்டும் என்று விரும்பும் அன்பர்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறேன்.

அடுத்தது உழைப்பைப் பற்றியது. இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் விரிப்புத் தறிகளில் நெடுங்காலம் சிறுவர்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். பலர் பெற்றோர் பட்ட கடனுக்காக அடமானமாக்கப்பட்டவர்கள். பிஞ்சு விரல்தான் நுண்ணிய முடிச்சிடும் என்று நியாயம் கற்பித்தனர். அது பொய். மிக நுண்ணிய விரிப்புகளை நெய்பவர்கள் தேர்ந்த பெரியவர்களே. குழந்தைக்குக் கூலி குறைவு என்பதே உண்மையான காரணம். 1986ஆம் ஆண்டுச் சட்டம் விரிப்பு நெசவில் குழந்தைகளை ஈடுபடுத்துவதைத் தடை செய்தது. கைலாஷ் சத்யார்த்தி முதலானோரின் முயற்சியால் 1994இல், குழந்தை உழைப்பின்றி நெய்தது என்னும் சான்றடையாளம் விரிப்புகளுக்கு வழங்கப்படலாயிற்று. அது இன்று குட்வீவ் என்னும் பெயரில் தொடர்கிறது. 2014இல் சத்யார்த்திக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. தொழிலாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தினர் நாம். ஒரு குழந்தையின் கல்வியைத் தின்று நெய்த விரிப்பின்மேல் நம் நெற்றி படலாமா?

எந்திர விரிப்பு வாங்கினால் இக்கவலை இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். துருக்கியின் காஸியான்டெப் போன்ற நகரங்களின் ஆலைகளிலிருந்து வருபவை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் போன்ற செயற்கை இழைகளால் ஆனவை. விலை குறைவு, துப்புரவு செய்வது எளிது. பள்ளிவாசலுக்கு அது ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாரசீக விரிப்பின் பதக்கத்தையும் பூக்களையும் நெருக்கிப் போட்ட போலியை வாங்கி, அதனைப் பெருமை என்று எண்ண வேண்டா என்கிறேன். பதக்கம் நடுவில் ஒன்றாக நின்று தோட்டத்தைச் சுட்டும்போதுதான் அதற்குப் பொருள் உண்டு. ஒவ்வொரு முழத்திற்கும் ஒன்றாக அடித்துப் போட்டால் அது கண்ணைக் கலைக்கும் கோலமே.

எனவே பொதுக்குழுவின் முன் சில கருத்துகளைப் பணிவுடன் வைக்கிறேன்.

ஒன்று, ஒரே நிறமும் ஸஃப்பைக் காட்டும் தெளிவான கோடும் கொண்ட எளிய விரிப்பைத் தேர்ந்தெடுப்போம். வரிசை நேராவதற்கு அது போதும்.

இரண்டு, கையால் நெய்தது எதை வாங்கினாலும், யார் நெய்தது, குழந்தை உழைப்பின்றி நெய்ததற்குச் சான்று உண்டா என்று கேட்டு வாங்குவோம். கேட்பவர் இருந்தால்தான் விற்பவருக்குப் பொறுப்பு வரும்.

மூன்று, கோடை மாதங்களில் வெளித்திண்ணைக்கும் நோன்பு திறக்கும் இடத்திற்கும் கோரைப் பாய்களையே விரிப்போம். அவற்றை நெசவாளர்களிடமிருந்து நேரடியாக வாங்குவோம்.

நான்கு, இதனைச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். ஆண்கள் பகுதிக்குப் புதியது வாங்கும்போது, தேய்ந்த பழையதைப் பெண்கள் தொழுமிடத்திற்கு அனுப்பும் வழக்கம் பல ஊர்களில் இருந்து வருகிறது. உலகின் மிகச்சிறந்த விரிப்புகளுள் பலவற்றைப் பெண்களின் விரல்களே நெய்தன. பத்தமடைப் பாயையும் பெண்களே நெய்கின்றனர். நெய்தவர்களுக்குக் கந்தலைக் கொடுப்பது நீதியாகாது. இருபகுதிக்கும் ஒரே விரிப்பை ஒரே நாளில் விரிப்போம்.

ஐந்து, இவ்வாறு எளிமையாக முடிப்பதால் மிச்சமாகும் தொகையை, மலையடிவாரக் கிராமங்களில் படிப்பை இடைநிறுத்த நேரும் பிள்ளைகளின் கல்விக்கு, சமய வேறுபாடு பாராமல் வழங்குவோம். கடுக்காய் சுமந்து இறங்கிய மக்களுக்கு இப்பகுதியினராகிய நாம் பட்ட கடன் அது.

பழைய விரிப்புகளை வீசி எறிய வேண்டா என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வெயிலில் உலர்த்தி, தூசு தட்டி, கிழிந்த ஓரத்தை மடித்துத் தைத்தால், மத்ரஸாப் பிள்ளைகள் அமரப் பல ஆண்டு உழைக்கும். வக்ஃபாக வந்தவற்றைத் தந்தவரின் பெயரோடும் ஆண்டோடும் பதிவேட்டில் குறித்து வைப்போம். அர்தபீல் விரிப்பில் ஆண்டும் பெயரும் நெய்திருந்ததால்தான் 480 ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அதன் வரலாற்றை நாம் பேச முடிகிறது.

பெரியோர்களே! விரிப்பின் பெருமை அதன் விலையில் இல்லை; வேர் தோண்டியவர் முதல் தறியில் அமர்ந்தவர் வரை எவருக்கும் அநீதி இழைக்காமல் அது நம் கைக்கு வந்ததா என்பதிலும், அதன்மேல் நிற்கும்போது நம் உள்ளம் எங்கே நிற்கிறது என்பதிலும்தான் இருக்கிறது. பொதுக்குழு எடுக்கும் முடிவு இவ்விரண்டையும் மனத்தில் கொண்டதாக அமைய வல்ல நாயன் அருள் புரிவானாக! ஆமீன்.